கடல் புறா நிஜமா டீச்சர்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து படியுங்கள்.

போன மாதம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றியது. புறா வடிவத்தில் ஒரு பெரிய பாய்மரக் கப்பல், மேலே புலிக்கொடி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழர்கள் கட்டிய கடல் புறா என்ற போர்க்கப்பல் இது, இந்த வரலாற்றை நம்மிடம் மறைத்துவிட்டார்கள், தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு என்று கீழே எழுதியிருந்தது. எனக்கே அது ஏழு பேரிடமிருந்து வந்தது. அதில் மூன்று பேர் என் தங்கை வீட்டுக்காரர்கள்!

இரண்டு நாள் கழித்து சேலையூரில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி தனியாகக் கேட்டாள். "இது நிஜமா டீச்சர்? பையன் ஸ்கூல் ப்ராஜெக்ட்ல இதை எழுதப் போறேங்கிறான்." அவளுக்கு மட்டும் பதில் சொல்வதைவிட எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதலாம் என்று தோன்றியது. சின்ன வயதிலிருந்து கப்பல் கதைப் பைத்தியம் நான். ஓய்வு பெற்ற பிறகு அது இன்னும் முற்றிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

முதலில் சுருக்கமான பதில். கடல் புறா என்ற கப்பல் சாண்டில்யன் எழுதிய நாவலில் வருவது. சோழர்கள் கடல் கடந்து கடாரம் போனது நிஜம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் இரண்டையுமே கூடுதலாக ரசிக்கலாம்.

சாண்டில்யனின் இயற்பெயர் பாஷ்யம் ஐயங்கார். பத்திரிகைக்காரராக இருந்தவர். 1910இல் பிறந்து 1987இல் மறைந்தார். யவன ராணி, கடல் புறா எல்லாம் குமுதத்தில் தொடராக வந்து, பிறகு புத்தகமானவை. கடல் புறா மட்டும் மூன்று பாகம். எங்கள் தலைமுறையில் பல வீடுகளில் அது கடையில் வாங்கிய புத்தகமாக இருக்காது. குமுதத்திலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்து, அட்டை போட்டு பைண்ட் செய்த கட்டாக இருக்கும்.

எங்கள் வீட்டில் பைண்டிங் வேலை பெரியப்பாவுடையது. கோணி ஊசியும் நூலுமாக உட்கார்ந்து தைப்பார். சாண்டில்யன் கதாநாயகியை வர்ணிக்கும் பக்கம் வந்தால், அந்தத் தாள்களை மட்டும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிடுவார். பெண் பிள்ளைகள் படிக்கும் வீடாம்! நாங்கள் அக்கா தங்கைகள் பிளேடால் அந்தத் தையலைப் பிரித்துப் படித்துவிட்டு, அதே ஓட்டையில் நூலைக் கோத்து வைத்துவிடுவோம். பெரியப்பாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? கடைசி வரை வாயைத் திறக்கவில்லை மனுஷன்.

கடல் புறாவின் நாயகன் இளையபல்லவன் என்கிற கருணாகரத் தொண்டைமான். இந்தப் பெயர் கற்பனை இல்லை. செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், முதலாம் குலோத்துங்கனின் படையை நடத்திக்கொண்டு கலிங்கம் போன தளபதி இவர்தான். ஏறத்தாழ 1110ஐ ஒட்டி நடந்த போர் அது. நாவலில் அநபாயன் என்று வருகிறாரே, அவர்தான் பின்னாளில் குலோத்துங்கன். ஆனால் பரணி பாடுவது தரைப்போரை. யானையும் குதிரையும் காலாளும் போன போர். அந்தத் தரைத் தளபதியை இளம் வயதில் கடலுக்கு அனுப்பி, கையில் ஒரு கப்பலையும் கொடுத்து, அகூதா என்ற கடல் கொள்ளைக்காரரிடம் பாடம் படிக்க வைத்தது சாண்டில்யனின் கற்பனை. அபாரமான கற்பனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, நிஜம் எது? தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி இருக்கிறது. அலைகடல் நடுவே பல கப்பல்களை அனுப்பி, கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம் என்று வரிசையாக ஊர்களைக் கைப்பற்றியதையும் அது சொல்கிறது. இது 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. மாநக்கவாரம் நம் நிக்கோபார் தீவுகள். பிறகு வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, தன்னிடம் உதவி கேட்டு வந்த அரசனுக்காகக் கடாரத்தை வென்று கொடுத்ததாகச் சொல்கிறது. அது ஏறத்தாழ 1068. கடல் புறா கதை நடப்பது இந்தக் காலத்தில்தான். கல்வெட்டில் இவ்வளவு சின்ன இடம்தான் இருக்கிறது. அதற்குள் புகுந்து மூன்று பாகம் எழுதியிருக்கிறார் மனிதர்.

அந்த மெய்க்கீர்த்தியை இன்னொரு முறை கவனித்துப் பாருங்கள். எத்தனை கப்பல் போயின என்று அதில் இல்லை. கப்பல்களை நடத்திப் போன தளபதியின் பெயர் இல்லை. கப்பல் எந்த வடிவத்தில் இருந்தது என்றும் இல்லை. அரசன் அனுப்பினான், ஊர்கள் வீழ்ந்தன, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் கடல் முழுவதும் காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலி இடத்தில்தான் நாவல்காரர்கள் கப்பல் விடுகிறார்கள். வாட்ஸ்அப்காரர்களும் அங்கேதான் விடுகிறார்கள். ஒரே வித்தியாசம், நாவல்காரர் அட்டையிலேயே ‘நாவல்’ என்று போட்டுவிடுகிறார்.

இந்த மாதிரிக் கதைகள் இங்கிலாந்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. என் அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது இரண்டு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். ஒன்று சி.எஸ். ஃபாரெஸ்டர் எழுதியது. ஹார்ன்புளோயர் என்ற கடற்படை அதிகாரியின் கதை, 1937இல் ஆரம்பித்த வரிசை. இவ்வளவு பெரிய வீரனுக்குக் கப்பலில் ஏறினாலே குமட்டும்! அதனாலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. இன்னொன்று பாட்ரிக் ஓப்ரையன் எழுதியது. ஜாக் ஆப்ரே என்ற கேப்டனும் அவருடைய டாக்டர் நண்பரும் வரும் கதைகள், மொத்தம் 20 முழு நாவல்கள். 2003இல் ரஸ்ஸல் க்ரோ நடித்து சினிமாவாகவும் வந்தது. மூன்றாவது நாவலில் கப்பல் நம் பம்பாய் வரை வருகிறது.

படித்து முடித்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், இதெல்லாம் நம் வாசலில் நடந்திருக்கிறதே என்பதுதான். பாய்மரப் போர்க்கப்பல்கள் வரிசை கட்டி, பக்கவாட்டுப் பீரங்கிகளால் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட சண்டை தாம்பரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் நடந்திருக்கிறது. நான் வேலை பார்த்த வருஷங்களில் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் எத்தனையோ தடவை மைசூர்ப் போர்களை நடத்தியிருக்கிறேன். ஹைதர் அலி, திப்பு, மங்களூர் உடன்படிக்கை, 1784, அடுத்த பாடம். நடுவில் இருந்த கடல் எங்கள் பாடப்புத்தகத்திலும் காலியாகத்தான் இருந்தது.

1782 பிப்ரவரி 17. சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, கடலில். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறதே, அதே ஊர். பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென், ஆங்கிலத் தளபதி ஹியூஸ். சுஃப்ரென் முதலில் சென்னைக்கு எதிரே வந்து பார்த்தார். ஹியூஸின் கப்பல்கள் கோட்டைப் பீரங்கிகளின் நிழலில் நங்கூரமிட்டு நின்றன. அங்கே போய் மோதுவது ஆபத்து என்று தெற்கே திரும்பினார். ஹியூஸ் பின்னாலேயே துரத்தி வந்தார். சதுரங்கப்பட்டினத்துக்கு நேரே இருவரும் மோதிக்கொண்டார்கள்.

அது முதல் சண்டைதான். அதே ஆண்டு ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஒன்று, ஜூலை 6 நாகப்பட்டினத்துக்கு எதிரே ஒன்று, செப்டம்பர் 3 திருகோணமலையில் ஒன்று, மறுவருஷம் 1783 ஜூன் 20 கடலூருக்கு எதிரே ஒன்று. அதே இரண்டு தளபதிகள் ஐந்து முறை மோதினார்கள். எதிலும் ஒருவர் மற்றவரை அடியோடு ஒழிக்க முடியவில்லை. நடுவில் சுஃப்ரென் கடலூரில் இறங்கி ஹைதர் அலியைச் சந்தித்தார்.

இந்தக் கடைசிச் சண்டையைப் பற்றித் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பாவில் சமாதானத்துக்கு முதல் கையெழுத்துப் போட்டது 1783 ஜனவரியில். கடலூருக்கு எதிரே பீரங்கி வெடித்தது ஜூன் மாதம். செய்தியும் பாய்மரக் கப்பலில்தானே வர வேண்டும்? அது வந்து சேர்வதற்குள், முடிந்துபோன போருக்காக இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தும் காயப்பட்டும் விழுந்துவிட்டார்கள். சில நாள் கழித்துத்தான் சமாதானச் செய்தி வந்தது. இதை எந்த நாவல்காரர் கற்பனையாக எழுதியிருந்தாலும், ரொம்பத்தான் இட்டுக்கட்டுகிறார் என்றிருப்போம்.

சென்னைக் கரையைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அந்தக் காலச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. எவ்வளவு பெரிய போர்க்கப்பலாக இருந்தாலும் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். கப்பலில் இருந்த ஐரோப்பியப் படகுகள் நம் கரையின் அலைகளைத் தாங்காது. உடைந்துவிடும். அதனால் கேப்டனோ கவர்னரோ, பீப்பாயோ பணப்பெட்டியோ, எதுவானாலும் கரைக்கு வர நம் ஊர் மசூலா படகில் ஏற வேண்டும். ஆணியே இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. (எங்கள் பெரியப்பா புத்தகம் தைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அலை மோதும்போது விறைத்து நின்றால் பலகை பிளந்துவிடும். தைத்த படகு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதனால் பிழைக்கும். அலை எழும் நேரம், அடங்கும் நேரம் பார்த்து ஓட்டத் தெரிந்தவர்கள் நம் கடற்கரைக் குப்பத்து ஆட்கள் மட்டும்தான். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். இன்று உலகம் முழுக்க இரட்டை உடல் படகுகளுக்கு வழங்கும் ‘கட்டமரான்’ என்ற பெயர் அவர்கள் கொடுத்ததுதான்.

காற்றையும் அவர்களைத்தான் கேட்க வேண்டும். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்துவிட்டார். கோட்டையே கையில். ஆனால் அக்டோபர் பாதியில் அடித்த ஒரே புயலில் அவருடைய கப்பல்கள் சிதறிப்போயின. ஐப்பசியில் இந்தக் கரையில் கப்பலை நிறுத்தி வைக்கக் கூடாது என்று எந்தக் குப்பத்துப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

இவ்வளவு செய்த படகுக்காரர்களில் ஒருவர் பெயராவது நாம் படித்த கதைகளில் உண்டா? ஹார்ன்புளோயருக்குப் பெயர் உண்டு, இளையபல்லவனுக்குப் பெயர் உண்டு. மெய்க்கீர்த்தியில் தோற்ற அரசனுக்குக்கூடப் பெயர் உண்டு. கடாரத்துக்குப் பாய் இழுத்தவனுக்கும் சென்னையில் துடுப்புப் போட்டவனுக்கும் பெயர் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பையனிடம் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளில் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். சொந்த ஊர் கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். அப்பா கடலில் போய்விட்டார். அத்தை தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள், அவளோடு தங்கிப் படித்தான். வகுப்பில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் ‘கருவாடு’. நான் அதட்டினால் என் முன்னால் கூப்பிட மாட்டார்கள், மணி அடித்ததும் கூப்பிடுவார்கள்.

அன்றைக்குச் சோழர் பாடம். வகுப்பே குஷியாக இருந்தது. ஒருவன் தன் தாத்தா சொன்ன கடல் புறா கதையை எழுந்து நின்று ஆக்‌ஷனோடு சொன்னான். நான் ஒரு கேள்வி கேட்டேன். "இன்ஜின் இல்லாத காலத்துல நாகப்பட்டினத்துலருந்து கடாரம் எப்படிப்பா போயிருப்பாங்க?" துடுப்புப் போட்டு என்றான் ஒருவன். அடிமைகளைச் சாட்டையால் அடித்து என்றான் இன்னொருவன், ஏதோ சினிமா பார்த்திருப்பான். கடைசி பெஞ்சிலிருந்து மெல்லிய குரலில் பதில் வந்தது.

"காத்து மாறுற வரைக்கும் கரையில உட்கார்ந்திருப்பாங்க டீச்சர்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவனைக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கையில் கொடுத்தேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். பிறகு போர்டில் நான்கு திசையையும் போட்டான். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். எந்த மாதம் எது அடிக்கும், எதில் பாய் விரிக்கலாம், எதில் வலையைக் காயப்போட்டுவிட்டுத் தூங்கலாம் என்று சொன்னான். கச்சான் அடிக்கும்போது கிழக்கே போய், வாடை எழுந்ததும் திரும்பி வந்திருப்பார்கள் என்று அவனே ஊகித்தும் சொன்னான். பாய்மரக் காலத்தில் வணிகர்கள் வங்கக் கடலைக் கடந்ததே இப்படிக் காற்றின் முறைக்குக் காத்திருந்துதான். பத்து நிமிஷம் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும்.

அன்றோடு ‘கருவாடு’ ஒழிந்துவிட்டது என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒழியவில்லை. அந்த வருஷம் முடியும் வரை கூப்பிட்டார்கள். ஆனால் அவன் கடைசி பெஞ்சிலிருந்து மூன்றாவது பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான். இன்று ஒரு சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். பெயரைச் சொல்ல மாட்டேன், இந்தப் பதிவைப் படிப்பான். போன பொங்கலுக்குப் பேசியபோது, "எல்லாம் ஜிபிஎஸ்தான் டீச்சர், ஆனா காலையில டெக்குக்கு வந்தா மூஞ்சியில காத்து எங்கருந்து அடிக்குதுன்னுதான் முதல்ல பார்ப்பேன்" என்றான்.

அவனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், சோழக் கடற்படைக்குக் கைதட்டியதும் ஒரே பிள்ளைகள்தான், ஒரே வகுப்பில்தான். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரியவர்களும் அப்படித்தானே இருக்கிறோம்? முன்னோர் கடலை ஆண்டதாக மார்தட்டிக்கொண்டு ஒரு படத்தை அனுப்புகிறோம். அதே வாயால் மீன்காரம்மாவிடம், கூடையை வாசலில் வைக்காதே, நாற்றம் அடிக்கிறது என்கிறோம். சோழனுக்குக் கப்பல் ஓட்டியவர்கள் வேறு யாராக இருந்திருப்பார்கள்?

இதற்காகக் கப்பல் கதைகளைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாகப் படியுங்கள். சாண்டில்யனின் ஜல தீபத்தைப் படித்திருக்காவிட்டால் கனோஜி ஆங்கரே என்ற பெயரே எனக்குத் தெரிந்திருக்காது. மராட்டியக் கடற்படைத் தளபதி அவர். ஆங்கிலேயர் அவரைக் கொள்ளைக்காரர் என்று எழுதி வைத்தார்கள். 1721இல் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் சேர்ந்து வந்து தாக்கியும் அவரைப் பணிய வைக்க முடியவில்லை. 1729இல் அவர் இறக்கும் வரை அப்படித்தான். இன்று மும்பையில் நம் கடற்படைத் தளம் ஒன்றுக்கு ஐஎன்எஸ் ஆங்கரே என்று பெயர். தமிழ்ப் பாடப்புத்தகம் விட்ட இடத்தை ஒரு தமிழ்த் தொடர்கதை நிரப்பியது. அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் தளபதியோடு நிறுத்திவிடாதீர்கள். எனக்கு அடுத்த படி தற்செயலாகத்தான் கிடைத்தது. வாடகை நூலகத்தில் கடல் புறா மூன்றாம் பாகம் கேட்டேன். கடைப் பையன் ‘கடல்புரத்தில்’ என்ற புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டான். வண்ணநிலவன் 1977இல் எழுதிய சின்ன நாவல். இதில் போர்க்கப்பலும் இல்லை, இளவரசியும் இல்லை. ஒரு வல்லம், அதை விற்க மனம் வராத ஒரு கிழவர், அவர் மகள் பிலோமி, புதிதாக வந்திருக்கும் லாஞ்சுகள். அன்று மாலை படிக்க ஆரம்பித்து, இரவு சமையல் தாமதமானதுதான் மிச்சம். அடுத்த நாள் அந்தப் பையனுக்கு நன்றி சொன்னேன். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை.

பிறகு ஜோ டி குரூஸ். உவரிக்காரர், கப்பல் தொழிலில் இருப்பவர். 2004இல் ஆழி சூழ் உலகு, அதன் பிறகு கொற்கை. கொற்கைக்கு 2013இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. பாய்மரத் தோணிகளும் அவற்றை ஓட்டும் தண்டல்களும் தூத்துக்குடியும் அதில் உயிரோடு வருகின்றன. தண்டல் என்றால் தோணியின் கேப்டன். நம் ஊரில் வட்டிக்காரரைச் சொல்லும் தண்டல் என்று நினைத்துவிடாதீர்கள்!

நிஜக் கதை ஒன்றும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி. ஓர் அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனார்கள். புலிக்கொடியும் இல்லை, புறா வடிவமும் இல்லை. நம் ஆட்கள், நம் கரையில் கட்டிய மரக்கப்பல், அட்லாண்டிக் பெருங்கடல். இந்தப் படத்தை யாராவது அனுப்பினால் நானே பத்துப் பேருக்கு அனுப்புவேன்.

இப்போது சேலையூர் மாணவிக்கு. உன் பையனை ஒரு தாளில் மூன்று கட்டம் போடச் சொல்லம்மா. முதல் கட்டத்தில் கல்வெட்டு சொல்வது. இரண்டாவதில் சாண்டில்யன் சேர்த்தது. மூன்றாவது கட்டத்துக்கு, இரண்டிலும் பெயர் இல்லாதவர்கள் என்று தலைப்பு வைக்கச் சொல். அதை நிரப்ப அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பு. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை வழியாகக் கோவளம் போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்கினால் சதுரங்கப்பட்டினம். கோட்டையில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கட்டும், பெயரும் தேதியும் செதுக்கி எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள் என்று. பிறகு வெளியே வந்து, வலை சீர்செய்துகொண்டிருக்கும் பெரியவர் யாரையாவது பார்த்து, இன்று என்ன காற்று தாத்தா என்று கேட்கட்டும். அவர் பெயரையும் கேட்டு, அவர் சம்மதித்தால் எழுதிக்கொள்ளட்டும். ப்ராஜெக்டுக்கு எத்தனை மார்க் வந்தாலும் சரி.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காற்றின் பெயர்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். உங்கள் அப்பா, தாத்தா, மாமனார் ஊர்ப் பக்கம் எந்தக் காற்றுக்கு என்ன பெயர் சொல்வார்கள்? கடலூர், நாகை, தூத்துக்குடி, இலங்கைப் பக்கத்து மருமகள்கள், மருமகன்கள் எல்லோரும் எழுதுங்கள். ஒரு நோட்டில் குறித்து வருகிறேன், இதுவரை பதினொரு பெயர் சேர்ந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்